பழைய தோல் உடைக்கு எண்ணெய் தடவச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய தோல் ஜாக்கெட்டைப் பாதுகாப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மாதம் ஒரு முறை எண்ணெய் தடவி வெயில் படும் இடத்தில் மாட்டி வையுங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள், ஏனென்றால் இதே யோசனையை நம்பித்தான் என் அப்பாவின் ஜாக்கெட்டை நான் கெடுத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் போட்ட மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் அது. கை மடங்கி மடங்கி முழங்கையில் விழுந்த சுருக்கம் அவர் இப்போதுதான் கழற்றி வைத்தது போல அப்படியே இருக்கும். அவர் போன பிறகு ஆசை ஆசையாக எண்ணெய் பூசினேன். முதல் வருஷம் மெத்தென்று இருந்தது, சரி, நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன். அப்புறம் நிறம் கறுத்தது, தொட்டால் பிசுபிசுத்தது, தூசியெல்லாம் வந்து அப்பிக்கொண்டது. பித்தளைப் பொத்தான்களின் அடியில் மெழுகு மாதிரி பச்சையாக ஏதோ திரண்டு நின்றது. பித்தளையில் இருக்கும் செம்பும் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலமும் சேர்ந்து உண்டாகும் களிம்பு அது. ஒருநாள் தோள்பட்டையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பூஞ்சை என்று பயந்து ஈரத்துணியால் தேய்த்தேன், கறைதான் மிச்சம். அது பூஞ்சையே இல்லை, நான் ஊற்றிய கொழுப்பு மேலே வந்து உறைந்திருக்கிறது. லேசான சூட்டில் உருகினால் கொழுப்பு, உருகாவிட்டால்தான் பூஞ்சை என்று சந்தேகப்பட வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அருங்காட்சியகங்களே ஒரு காலத்தில் இதைத்தான் செய்தன. ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலினும் தேன்மெழுகும் கலந்த பூச்சு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரிலேயே புழங்கியது. இன்று பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் பழைய தோலுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழை. அமிலம், வெளிச்சம், வெப்பம், காற்றில் உள்ள ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்து அறுத்துப்போட்ட இழையை எண்ணெய் ஒட்டவைக்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவரச் சாற்றால் பதனிட்ட தோல்களில் பல, கரிப்புகையில் இருந்த கந்தக டை ஆக்சைடை இழுத்து, அது உள்ளே அமிலமாகி, இன்று தொட்டால் செந்தூளாக உதிர்கின்றன. அந்த நிலைக்கு வந்ததைப் பழையபடி ஆக்க வழியே இல்லை.

வெயில் யோசனை அதைவிட மோசம். அருங்காட்சியகத்தில் தோல் உடை இருக்கும் அறை மங்கலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வெளிச்சம் சுமார் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விடுவார்கள். ஒளியால் வெளுத்தது திரும்பி வராது, இன்று ஒரு மணி நேரம் நாளை ஒரு மணி நேரம் என்று கணக்கு கூடிக்கொண்டே போகும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் நிலையாக இருப்பது நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கம்பி ஹேங்கர் வேண்டவே வேண்டாம், உடையின் எடை முழுவதையும் தோள்பட்டையில் இரண்டு கோடுகள் தாங்க வேண்டியிருக்கும். பஞ்சு வைத்துத் தோள் அளவுக்கு அகலமாக்கிய ஹேங்கர் பரவாயில்லை, நைந்துபோனதைப் படுக்க வைப்பதே மேல். கைகளுக்குள் அமிலமில்லாத மென்தாளைச் சுருட்டி வைத்தால் மடிப்பு வெடிக்காது. மூடுவதற்கு பிளாஸ்டிக் உறை கூடாது, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடைத்த பழங்கால மனிதனின் ஆட்டுத்தோல் லெக்கிங்ஸும் கரடித்தோல் தொப்பியும் 5,300 வருஷம் தாண்டி நம் கைக்கு வந்தன. இருட்டும் குளிரும்தான் அவற்றைக் காப்பாற்றின.

உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் இந்நேரம் எண்ணெய் பாட்டிலைத் திறந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைய நாளிதழிலேயே திருத்தத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்