சிறுவாட்டில் ஒரு கப்பல்

எடிசன், நியூ ஜெர்சி
அக்டோபர் 12

அன்புள்ள வசந்தி,

நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் இரண்டு தடவை கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கார்த்தியின் ஹோட்டல் பாயிண்ட்டைப் பற்றி நீ கேட்டிருப்பதில் கணக்கு இருக்கிறது. காதால் கேட்டால் மனதில் நிற்காது. எழுதிவிட்டால் கார்த்தியிடமும் காட்டலாம்.

அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய் வருகிறார் என்று கேட்டதும் அவ்வளவு நிம்மதி. இங்கே இவர் மார்ச் மாதம் ரிட்டயர் ஆகிவிட்டார். பின்பக்கம் போட்ட வெண்டைச் செடி இந்த வாரத்தோடு சரி, குளிர் வந்துவிட்டது. தாரிணி பிட்ஸ்பர்க்கில் டாக்டர் பயிற்சி, ரெசிடென்சி இரண்டாவது வருஷம். ராத்திரி ட்யூட்டி முடிந்து விடிகாலையில் கூப்பிடுகிறாள். அந்த நேரத்துக்கு நானும் காபி போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார்த்தியிடம் மேரியட் ஹோட்டல் பாயிண்ட் நாலு லட்சம் சேர்ந்திருக்கிறது, அதைக் கொடுத்து உங்கள் இரண்டு பேரையும் ஜனவரியில் கப்பலில் அனுப்பப் பார்க்கிறான், இது நல்லதா என்று கேட்டாய். கப்பலில் போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் பாயிண்ட்டை நேராகக் கப்பலுக்குக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பாயிண்ட் என்பது நம் அம்மாக்கள் சேர்த்த சிறுவாடு மாதிரிதான். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து உளுந்து டப்பாவில் போட்டு வைப்பார்களே, அது. கம்பெனி வேலையாகக் கார்த்தி ஊர் ஊராகப் போய்த் தங்குகிறான். அறை வாடகையைக் கம்பெனி கட்டுகிறது, பாயிண்ட் மட்டும் அவன் பெயரில் ஏறுகிறது. பெரும்பாலான மேரியட் ஹோட்டல்களில் டாலருக்குப் பத்துப் பாயிண்ட். வருஷத்தில் 50 ராத்திரி தங்கினால் பிளாட்டினம் என்ற உயர்ந்த உறுப்பினர் தகுதி, அவர்களுக்கு அந்தப் பத்துக்கு மேல் இன்னும் பாதி, அதாவது பதினைந்து. 150 டாலர் அறையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் 2,250 பாயிண்ட். பதினாலு வருஷம் எனக்கும் அதுதான் பிழைப்பு. திங்கட்கிழமை விடியற்காலை நூவர்க்கில் விமானம் ஏறினால் வியாழன் ராத்திரிதான் வீடு. ஓமஹாவில் ஒரு ப்ராஜெக்ட் பதினோரு மாதம் ஓடியது. அதே ஹோட்டல், நாலாவது மாடி, ஐஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை. ஜிப் கவரில் புளிக்காய்ச்சல் கொண்டுபோவேன். மைக்ரோவேவில் சாதம் வைத்து, இஸ்திரிப் பலகையைத் தாழ்த்தி அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே தாரிணியோடு பேசுவேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. போனை வைக்கவே விடமாட்டாள்.

600 ராத்திரியும் பத்து வருஷம் பிளாட்டினமும் சேர்ந்தால் ஆயுசுக்கும் பிளாட்டினம் என்று தருவார்கள். எனக்கு அது வந்த அன்று 600-ஐ 365-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்துக்கும் மேல் வருகிறது. அதனால்தான் இந்தப் பாயிண்ட்டை யாராவது இலவசம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. கார்த்தியின் நாலு லட்சத்திலும் அந்த மாதிரி ராத்திரிகள்தான் இருக்கின்றன. கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

இப்போது கணக்கு. மேரியட்டுக்கு ரிட்ஸ் கார்ல்டன் என்று ஒரு சொகுசு வகை இருக்கிறது. அந்தப் பெயரிலேயே கப்பலும் விடுகிறார்கள். முதல் கப்பல் எவ்ரிமா 2022 அக்டோபரில் ஓட ஆரம்பித்தது, 149 அறை, 298 பேர். பிறகு இல்மா, லூமினாரா. கார்த்தி பார்த்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதில் 1,80,000 பாயிண்ட் கொடுத்தால் 1,000 டாலர் கழிவு. கார்த்தியின் நாலு லட்சத்தையும் கொட்டினால்கூட இரண்டாயிரம் டாலர் சொச்சம்தான் குறையும். ஒரு ஆளுக்கே பல ஆயிரம் டாலர் கேட்கும் கப்பல் அது. மீதியைப் பையன் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

அதே 1,80,000 பாயிண்ட்டை நான் என்ன செய்தேன் என்று பார். 2023 ஜூனில் அம்மாவை அலாஸ்கா கப்பலுக்கு அழைத்துப் போனேனே, அப்போது கப்பல் ஏறும் ஊரான சியாட்டிலில் ஹோட்டல் எடுத்தேன். வரியோடு ராத்திரிக்கு 380 டாலர், பாயிண்ட்டில் என்றால் 45,000. மேரியட்டில் சேர்ந்தாற்போல் ஐந்து ராத்திரி பாயிண்ட்டில் எடுத்தால் நாலுக்குத்தான் பாயிண்ட் பிடிப்பார்கள். ஆக 1,80,000 பாயிண்ட்டுக்கு 1,900 டாலர் அறை. கப்பலுக்குக் கொடுத்திருந்தால் ஆயிரம். அம்மா 22 மணி நேரம் பிரயாணம் செய்து வந்திருந்தாள். அவளுக்கு அந்த ஐந்து நாள் ஓய்வு எப்படியும் வேண்டியிருந்தது, நான் காசு கொடுத்தாவது ஹோட்டல் எடுத்திருப்பேன். அந்தக் காசு மிஞ்சியது, அதைக் கப்பலுக்குக் கட்டினேன். தேவையில்லாத ஹோட்டலில் தங்கிவிட்டு மிச்சம் பிடித்தேன் என்று சொன்னால் அது கணக்காகாது. இதைக் கார்த்திக்குச் சொல்.

அவன் தேடும்போது வரியோடு வாடகை எவ்வளவு, அதற்கு எத்தனை பாயிண்ட் கேட்கிறார்கள் என்று வகுத்துப் பார்க்கட்டும். ஒரு பாயிண்ட்டுக்கு முக்கால் சென்ட்டுக்கு மேல் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அரை சென்ட் பக்கம் வந்தால் காசாகக் கட்டிவிட்டுப் பாயிண்ட்டை வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரை ஹோட்டல்களில் வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீஸ் என்று தனியாக ஒரு கட்டணம் உண்டு. மேரியட்டில் பாயிண்ட்டில் தங்கினாலும் அதைக் கட்ட வேண்டும், ஹில்டனிலும் ஹயாத்திலும் முழுக்கப் பாயிண்ட்டில் தங்கினால் வேண்டாம். இதையும் பார்க்கச் சொல்.

நேராகக் கொடுக்காதே என்று இவ்வளவு அடித்துச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாரிணி எட்டாவது படிக்கும்போது வேறொரு ஹோட்டல் குழுமத்தின் பாயிண்ட் 2,20,000-ஐக் கொடுத்து ஒரு கப்பல் வவுச்சர் வாங்கினேன். யார் என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. துறைமுக வரிக்கும் கப்பல் ஊழியர் டிப்ஸுக்கும் அந்த வவுச்சர் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது தாரிணிக்கு நிமோனியா. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். நான் கையிலிருந்து கட்டியதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். பாயிண்ட் திரும்பவே இல்லை. ஹோட்டல் ராத்திரி அப்படியில்லை. பெரும்பாலும் ஓரிரண்டு நாள் முன்னால் ரத்து செய்தால் பாயிண்ட் முழுசாகக் கணக்குக்குத் திரும்பிவிடும். வயதானவர்கள் கிளம்பும் பிரயாணத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகச் சேர்த்துக்கொண்டே போவதும் தப்பு. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் உளுந்து டப்பாவில் ஐந்நூறு ரூபாய் நோட்டாகவே 31,000 இருந்தது. மறுநாள் காலையில் எனக்குப் போன் பண்ணி, ‘எனக்குன்னு வச்சிருந்தேண்டி’ என்று மட்டும் சொன்னாள். அதற்காவது பேங்கில் மாற்ற டிசம்பர் கடைசி வரைக்கும் கெடு இருந்தது. பாயிண்ட்டுக்கு அந்தக் கெடுகூடக் கிடையாது. 2022 மார்ச் வரைக்கும் மேரியட்டில் எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று அட்டவணை இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள், இப்போது நாளுக்கு ஒரு விலை. 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் மொத்தமும் காலாவதி. கார்த்திக்கு இப்போது செலவு செய்யத் தோன்றியிருப்பது நல்ல காரியம்.

அலாஸ்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு அப்போது 78. ஒரு தடவை பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டால் ஏழு நாளும் ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது. அவள் வயதுக்கு இதைவிடச் சௌகரியமான பிரயாணம் கிடையாது. அமெரிக்காவில் கிளம்பும் வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் திரும்பும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம். அதற்கென்று அம்மாவுக்குக் கனடா விசாவும் எடுத்தோம். முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டு அறையில் சைவம் என்று சொல்லிவைத்தேன். மறுநாளிலிருந்து கோவாக்காரர் ஒருவர் தனியாகப் பருப்பும் சாதமும் கொண்டுவந்து வைத்தார். அம்மா அவரைத் தினமும் சாப்பிட்டாயா என்று தமிழிலேயே கேட்பாள். அவரும் தலையை ஆட்டுவார்.

ஐந்தாம் நாள் கிளேசியர் பே. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலைத்தான் விடுகிறார்கள். மார்ஜரி என்ற பனியாறு, ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே 250 அடி. அதன் எதிரே கப்பல் எஞ்சினை அடக்கிக்கொண்டு நின்றது. அம்மா புடவைமேல் என்னுடைய கோட்டு, தலையைச் சுற்றி மஃப்ளர், மடியில் கம்பளி. நீலமும் வெள்ளையுமான சுவரில் ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது, அது தண்ணீரில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் இடி மாதிரிச் சத்தம் வந்தது. அந்த ஊர் ட்லிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்பார்களாம், கப்பலில் ஏறியிருந்த ரேஞ்சர் சொன்னார். அம்மா உடனே காதிலிருந்து மஃப்ளரை இறக்கிவிட்டாள். அந்தக் குளிரில் வேண்டாம்மா என்றாலும் கேட்கவில்லை. அடுத்தது விழும்போது நன்றாகக் கேட்க வேண்டுமாம்.

கொஞ்ச நேரம் பொறுத்து, ‘இதெல்லாம் உன் ஹோட்டல் பாயிண்ட்டா?’ என்று கேட்டாள். சியாட்டில் ஹோட்டல் மட்டும்தான் பாயிண்ட், அதில் மிஞ்சிய காசு இந்தக் கப்பலில் இருக்கிறது என்றேன். ‘எத்தனை ராத்திரி அது?’ என்றாள். 1,80,000-ஐ 2,250-ஆல் வகுத்து, எண்பது என்று சொன்னேன். அம்மா பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ‘எண்பது ராத்திரி நான் அந்தப் புள்ளைய மடியில போட்டுத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். போனைக் கையிலேயே புடிச்சுக்கிட்டுத் தூங்கும்’ என்றாள். குறையாகச் சொல்லவில்லை, வசந்தி. அந்த வருஷங்களில் ஆறு ஆறு மாதமாகக் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அவள். அந்தப் பாயிண்ட்டில் பாதிக்கு மேல் அவளுடையது என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. கப்பல் அறையின் சாவி அட்டையை இன்னும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள். கும்பகோணம் போனால் கேள், எடுத்துக் காட்டுவாள்.

உங்கள் பிரயாணத்துக்கு வருகிறேன். கார்த்தி ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறலாம் என்கிறான். அவன் இருக்கும் டல்லாஸிலிருந்து அதற்கு விமானம் ஏற வேண்டும். கால்வெஸ்டன் துறைமுகம் டெக்சாஸிலேயே இருக்கிறது, காரில் ஐந்து மணி நேரம். கார்னிவல், ராயல் கரீபியன் என்ற இரண்டு கம்பெனிக் கப்பல்களுமே அங்கிருந்து மெக்சிகோவின் கொசுமெல் பக்கம் போகின்றன. நாலைந்து நாள் பயணம் ஆளுக்குச் சில நூறு டாலரிலேயே தொடங்கும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் உங்கள் அமெரிக்க விசா வெளியே போய்த் திரும்பவும் வர விடும் மல்டிபிள் என்ட்ரிதானா என்று பாஸ்போர்ட்டை எடுத்து இன்றைக்கே பார்த்துவிடு. கப்பல் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் கால்வெஸ்டனில் கடல் பனிமூட்டம் போட்டால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள். திரும்பும் கப்பல் வெளியே காத்துக் கிடக்க நேரும். அதனால் முந்தின நாளே போய்க் கால்வெஸ்டனில் ஒரு ராத்திரி, இறங்கிய பிறகு ஹூஸ்டனில் ஒரு ராத்திரி, இரண்டையும் பாயிண்ட்டில் எடுக்கச் சொல். இறங்கிய அன்றைக்கே டல்லாஸில் எந்த வேலையும் வைக்க வேண்டாம். ஹோட்டல் முன்பதிவில் உங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும். அவன் பெயர் மட்டும் இருந்தால் கவுன்ட்டரில் சாவி தர யோசிப்பார்கள். அண்ணனுக்காகக் குளியலறையில் கைப்பிடி வைத்த அறை கேளுங்கள். கப்பலில் அந்த மாதிரி அறை கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் போய்விடும். கப்பல் கட்டணத்தின் கடைசித் தவணையைப் பொதுவாக மூன்று மாதம் முன்னாலேயே கேட்பார்கள், உங்களுக்கு அந்தக் கெடு இப்போதே நெருங்கிவிட்டது. மருத்துவ இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறவே கூடாது. கப்பல் ஆஸ்பத்திரியின் பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும்.

மீதிப் பாயிண்ட்டில் நியூயார்க்கில் ஹோட்டல் எடுக்கிறேன் என்று கார்த்தி சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. என் வீடு இருக்கும்போது நீ ஹோட்டலில் தங்கினால் எனக்கு மனசு தாங்காது. மாடிப்படி ஏற வேண்டாதபடி கீழ் அறையை அண்ணனுக்கு ஒழித்து வைக்கிறேன்.

கப்பல் தேதி முடிவானதும் சொல். வரும்போது கும்பகோணத்தில் அம்மாவை ஒரு நடை பார்த்துவிட்டு வா. மஃப்ளர் அவளிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள், ஜனவரியில் மேல்தளத்தில் காற்று நன்றாகவே குளிரும்.

அன்புடன்,
உன் சுமதி