உதகைப் பந்தயத் திடலைப் பூங்காவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். உதகை பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அருகே, சென்னை ரேஸ் கிளப்பின் கையிலிருந்த 52.34 ஏக்கர் குதிரைப் பந்தய நிலத்தை 2024 ஜூலை மாதத்தில் வருவாய்த் துறை மீட்டு, சூழல் பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. குத்தகைக் காலம் முன்பே முடிந்துவிட்டது என்பதும், நிலுவை 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்கிட்டிருப்பதும் நாளேடுகள் வழியே எல்லோரும் அறிந்தவை. இதையொட்டி எழுந்த வழக்கின் நியாயங்களை எடைபோட நான் இதை எழுதவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. அந்த நிலத்தில் பூச்செடி நடுவதற்கு முன், அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தது என்ன என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதலில், அது திடலே அல்ல, ஏரி. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளைத் தடுத்து உருவாக்கிய உதகை ஏரி, இன்று நாம் படகு விடும் ஏரியைவிடப் பெரிதாக நீண்டு கிடந்தது. அதன் மேற்பகுதி காலப்போக்கில் சுருங்கித் தூர்ந்து, அந்தச் சமதரையில்தான் பந்தயப் பாதையும் ஹோபார்ட் பூங்காவும் எழுந்தன. பேருந்து நிலையத்தின் கதையும் அதுதான். 1872 முதல் 1875 வரை சென்னை ஆளுநராக இருந்த ஹோபார்ட் பிரபுவின் பெயரை இன்றும் அந்தப் பூங்கா சுமக்கிறது. மழைக்காலத்தில் திடலின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வடிகால் சரியில்லை என்பார்கள். பழைய ஊர்க்காரர்களோ ஏரி தன் இடத்தைக் கேட்கிறது என்பார்கள். இதை வடிவமைப்பாளர்களின் காதில் போட்டுவைப்பது நல்லது; வேர் அழுகும் செடிகளை அங்கே நட்டுவிட்டு ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

உதகையில் குதிரைப் பந்தயத்தை 1886 முதல் கணக்கிடுவது வழக்கம். ஏன் இங்கே என்ற கேள்விக்கு விடை எளிது. 1870 வாக்கில் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக உதகை ஆனபின், கோடை வந்தால் ஆளுநரும் அதிகாரிகளும் படைத் தலைவர்களும் இந்த மலைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுடைய பொழுதுபோக்கும் பின்னாலேயே வந்தது. வென்லாக் புல்வெளியில் வேட்டை நாய்களோடு குதிரையேறித் திரிந்தவர்களுக்கு, ஊருக்கு நடுவே ஒரு பந்தயப் பாதையும் வேண்டியிருந்தது. மலை ரயில் குன்னூரை 1899இலும் உதகையை 1908இலும் அடைந்த பிறகு வருகிறவர்கள் பெருகினார்கள். வெள்ளையர் போன பின்னும் பந்தயம் நின்றுவிடவில்லை. கிண்டியில் குளிர்காலப் பருவம் முடிந்து சென்னை வெயில் தாங்க முடியாததாகும்போது, அங்கிருந்த குதிரைகள் லாரிகளில் மலையேறி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் லாயங்களுக்கு வந்துசேரும். தாழ்நிலத்தில் பழகிய குதிரைக்கு இங்கே காற்று மெல்லியது. மூச்சு பழகச் சில நாட்களாவது வேண்டும். சித்திரை முதல் தேதியை ஒட்டித் தொடங்கி, மலர்க்காட்சியைத் தாண்டி, தென்மேற்குப் பருவமழையின் வாசலில் சீசன் முடியும்.

அந்த ஓட்டங்களின் பெயர்களையே பாருங்கள். நீலகிரி டெர்பி, நீலகிரி தங்கக் கோப்பை, நீலகிரி 1000 கினி, நீலகிரி 2000 கினி. பின்னிரண்டும் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் 1814இலும் 1809இலும் தொடங்கிய பந்தயங்களின் பெயர்கள். ஆயிரம் கினி பெண் குதிரைகளுக்கு மட்டுமானது. கினி என்பது இங்கிலாந்தின் பழைய தங்க நாணயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன அந்த நாணயத்தின் பெயர் இங்கே மலைக்காய்கறி விற்கும் சந்தையை ஒட்டிய மைதானத்தில் ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டிருந்தது. இதைப் பெருமை என்றோ அவமானம் என்றோ முத்திரை குத்த எனக்கு மனமில்லை. வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பந்தயத்தை விரும்பாத ஒருவர் பூங்காவில் ஏன் சூதாட்டத்தின் புகழ் பாட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகழ் பாடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் வரலாற்றில் பாதி, அதை ஒழிக்க நடந்த முயற்சிகளின் வரலாறுதான். 1974இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1996 ஜனவரியில் டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன, ஆகவே இது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று கூறி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாததாக்கியது. இன்று இணைய விளையாட்டுகள் குறித்த வழக்குகளிலும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். சட்டப் புத்தகங்களில் இத்தனை இடம் பிடித்த ஒரு விளையாட்டு ஓடிய மண்ணில் அதைப் பற்றி ஒரு பலகைகூட இல்லாமற்போவது சரியாகப்படவில்லை.

ஆனால் அந்தப் பலகை பொய் சொல்லக் கூடாது. குதிரை ஓடுவது திறமையாக இருக்கலாம். வாரக் கூலியைக் கவுண்டரில் கட்டிவிட்டுக் கிழிந்த சீட்டோடு வீடு திரும்பியவனின் மனைவிக்கு அந்தத் தீர்ப்பால் ஆன பயன் ஒன்றுமில்லை. கட்டிய பணம் எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்ந்து, வரியும் கிளப்பின் பங்கும் போக மிஞ்சியதையே வென்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள் என்ற எளிய கணக்கைப் பூங்காவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் படித்தால், அதற்குமேல் அறிவுரை தேவைப்படாது.

இன்னொரு கூட்டத்தாரையும் மறந்துவிடக் கூடாது. குதிரை உரிமையாளர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறிக்கப்பட்டுவிட்டன. விடியற்காலைப் பனியில், கம்பளியால் தலையை மூடிக்கொண்டு குதிரைகளை நடத்திச் சென்றவர்கள், லாடம் அடித்தவர்கள், தீவனம் சுமந்தவர்கள், லாயத்தின் ஓரத்திலேயே படுத்து உறங்கியவர்கள் ஆகியோரின் பெயர் எங்கேயும் இல்லை. சிறுவயதில் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பந்தயம் அவர்களுடையதுதான். சீட்டு வாங்காத எங்களுக்குக் காலைப் பயிற்சியே போதுமானதாக இருந்தது. அவர்களில் பலர் முதுமை எய்திவிட்டார்கள். சில மாதங்கள் ஒதுக்கி, கிண்டியிலும் உதகையிலும் இருப்பவர்களைக் கண்டு, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய மாவட்ட நிர்வாகத்தால் முடியும். அரசுக் கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் செலவும் பெரிதாக இராது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். நீள்வட்டமான அந்தப் பந்தயப் பாதையை இடித்துக் கலைத்துவிடாமல், அதன் வளைவு மாறாதபடி நடைபாதையாக விட்டுவிடுங்கள்; நடப்பவர்கள் குதிரை ஓடிய தடத்திலேயே நடக்கட்டும். பழைய கட்டடங்களில் உறுதியான ஒன்றையாவது தரைமட்டமாக்காமல் வைத்து, தோடர்களின் குடியிருப்பான மந்து, ஏரி, பந்தயம், வழக்கு, பூங்கா என்று அந்த நிலத்தின் கதை முழுவதையும் தமிழில் எழுதி அங்கே வையுங்கள். சல்லிவனுக்கு முன் இந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்த தோடர்களிடமிருந்து அது தொடங்கட்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் வரைபடத்தை ஊர்மக்களின் பார்வைக்கு வைத்தால், வேலியோரத்தில் நின்று பார்த்த என் போன்றவர்கள் நேரில் வந்து, எந்த லாயம் எங்கே இருந்தது என்று காட்டித்தரவும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உதகைவாசி ஒருவர்