அந்த 'உறுதுணை'க்கு ஒரு பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெனிஸ் நகரத்து உடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்துனியின் பட்டறை பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆறு பக்கம், வண்ணப் படங்கள், சான் பெனெத்தோ சதுக்கத்து கோத்திக் மாளிகை, அச்சிட்ட வெல்வெட் துணிகள். எல்லாம் சரி. ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "மனைவி ஹென்ரியெட் அவருக்கு உறுதுணையாக இருந்தார்." அதோடு அந்த அம்மாவின் கதை முடிந்தது. அடுத்த வரியில் கால்வாயும் படகும் வந்துவிட்டன.

உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பட்டறையின் டெல்ஃபோஸ் என்ற பொடி மடிப்புப் பட்டு உடைக்கு 1909-இல் பாரிஸில் எடுத்த காப்புரிமைத் தாளில் ஃபோர்துனியே தன் கைப்பட எழுதியிருக்கிறார்: இதைக் கண்டுபிடித்தவர் ஹென்ரியெட், பதிவு அவசரம் என்பதால் தன் பெயரில் எடுத்ததாக. அந்த அவசரம் நூறு வருஷம் தாண்டியும் தீரவில்லை போலும். அவரே ஒப்புக்கொண்ட பிறகும் உங்கள் கட்டுரையாளர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன விசுவாசம்!

உடையின் பக்கத் தையலில் கோத்திருக்கும் முரானோ தீவுக் கண்ணாடி மணிகளை "அழகிய அலங்காரம்" என்று எழுதியிருக்கிறார். ஊசி பிடித்த யாரையாவது கேட்டிருக்கலாம். அவ்வளவு மெல்லிய பட்டு உடம்பில் ஒழுங்காக விழ வேண்டுமென்றால் ஓரத்தில் கனம் வேண்டும். மணி அதற்குத்தான், அழகு அப்புறம். அந்த உடையைத் தொங்கவிட மாட்டார்கள், நூல்கண்டு மாதிரி முறுக்கிச் சின்னப் பெட்டியில் வைப்பார்கள். நனைந்தால் மடிப்பு போய்விடும், அந்தக் காலத்தில் மறுபடி பட்டறைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. இதில் ஒன்றாவது ஆறு பக்கத்தில் இருக்கிறதா? படகு மட்டும் மூன்று படத்தில் இருக்கிறது.

நான் 31 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கடைப் பலகையில் என் கணவர் பெயர். அளவு எடுப்பதும் வாசலில் நின்று பேசுவதும் அவர். வெட்டுவது, தைப்பது, பிரித்துத் தைப்பதெல்லாம் உள்ளே நான். ஒருமுறை பட்டுக் கவுன் ஒன்றுக்குப் பொடி மடிப்பு கேட்டு வந்தார்கள். மடிப்புக்கு மடிப்பு நூலோட்டி, இழுத்துச் சேர்த்து, நனைத்து முறுக்கி, நிழலில் இரண்டு நாள் கட்டிவைத்தேன். பிரித்தபோது விசிறி மாதிரி விரிந்தது. வாங்க வந்தவர், "மாஸ்டர் கையே கை" என்று அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இவரும் சிரித்துக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை, ஆனால் நின்றார். அன்று ராத்திரி சோப்புத் தண்ணீர் பட்டதும் என் ஆள்காட்டி விரல் எரிந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும். ஃபோர்துனியாவது ஒரு தாளில் எழுதிவைத்தார்.

உங்கள் பத்திரிகைக்கும் இது புதிதல்ல. இரண்டு வருஷம் முன்பு, பட்டில் மடிப்பு கலையாமல் எப்படித் தேய்ப்பது என்று நான் எழுதிய கடிதத்தை என் கணவர் பெயரில் போட்டீர்கள். கேட்டதற்கு, உறையின் மேல் அவர் பெயர்தான் அச்சிட்டிருந்தது என்றார்கள். கடை உறை, வேறு யார் பெயர் இருக்கும்? உள்ளே நான் போட்ட கையெழுத்தை யாரும் பார்க்கவில்லை. போன வருஷம் ஒரு தையல்கூடத்துப் படம் வந்தது. நடுவில் நின்ற முதலாளிக்கு இனிஷியலோடு பெயர், மெஷினில் இருந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து "பணியில் பெண்கள்".

அந்த மாளிகையை "வெனிஸ் நகரம் காத்துவரும் பொக்கிஷம்" என்கிறது கட்டுரை. காக்கட்டும். 1956-இல் அதை நகரத்துக்குக் கொடுத்தது யார்? ஹென்ரியெட். 1949-இல் கணவர் இறந்த பிறகு டெல்ஃபோஸ் தைப்பதையே நிறுத்தியவரும் அவர்தான். உறுதுணை நிறுத்தினால் உடை நிற்குமா, ஐயா?

நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் போதும். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாதென்றால் என் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ஹென்ரியெட்டை வெட்டாதீர்கள். என் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை வெள்ளை உறையில்தான் அனுப்புகிறேன், மேலே யார் பெயரும் அச்சிடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி