ஜிம்மின் மகளையும் அச்சில் ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு, வணக்கம்.

நீங்கள் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்ட, மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நூலை என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். தெப்பம் இருக்கிறது, மிசிசிப்பி இருக்கிறது, கதாநாயகச் சிறுவன் ஹக்கை அவனுடைய குடிகார அப்பன் போட்டு அடிப்பதும் இருக்கிறது. ஜிம் மட்டும் துணைக்கு வந்த ஆள் போல இரண்டு வரியில் வந்து போகிறார்.

அவர் துணைக்கு வந்தவரல்ல. எண்ணூறு டாலருக்குத் தன்னை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்து தப்பி ஓடிய அடிமை. பகலெல்லாம் ஆற்றுத் திட்டுகளில் ஒளிந்திருந்து இருட்டிய பிறகே தெப்பத்தை அவிழ்ப்பது அதனால்தான். ஓஹையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ என்ற அமெரிக்க ஊரைப் பிடித்தால், அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போய் விடுதலை பெற வழி உண்டு. மூடுபனியில் அதைத் தவறவிட்டு, தெற்கே, அடிமைச் சீமைக்குள்ளேயே போகிறார்கள்.

மூல நாவலின் 23ஆம் அத்தியாயத்தைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்து ஜிம் முனகுகிறார். பிள்ளைகளின் நினைவு. பழைய சம்பவம் ஒன்றை ஹக்கிடம் சொல்கிறார். மகள் எலிசபெத்துக்கு அப்போது நாலு வயது; செங்காய்ச்சலில் கிடந்து தேறியவள். கதவைச் சாத்தச் சொல்கிறார், சிரித்துக்கொண்டே நிற்கிறாள். சொல்பேச்சு கேட்கவில்லையென்று ஓங்கி அறைந்துவிடுகிறார். சற்று நேரத்தில் காற்றில் அந்தக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று அடித்துக்கொள்கிறது. குழந்தை அசையவில்லை. காய்ச்சல் அவள் கேட்கும் திறனைப் பறித்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. வாரி அணைத்துக் கதறுகிறார்.

வெள்ளையர்களைப் போலவே இவருக்கும் குடும்பத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று ஹக் ஆச்சரியப்படுவதும் இங்கேதான். நல்ல பையன் அவன். அவனுக்கே அது இயல்பாகப் படவில்லை. நிறவெறி எவ்வளவு ஆழத்தில் ஊறியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இதை வெட்ட எப்படி மனம் வந்தது?

1885இலேயே அமெரிக்காவின் கன்கார்டு ஊர் நூலகம் இந்த நாவலை ஒதுக்கியது. பின்னாளில், கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் அதிலுள்ள வசைச்சொல் வகுப்பில் தங்கள் பிள்ளைகளைக் குத்துகிறது என்று கருப்பினப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். அந்த வலி நியாயமானது. வசையைத் தமிழில் அப்படியே போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வசைபட்டவரையே எடுத்துவிட்டீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

குழந்தைகளுக்குக் கனமாக இருக்கும் என்பீர்கள். அப்பன் அடித்த அடி கனமில்லையா? சிறுவர் நூல் என்றாலே அநியாயத்தை வடிகட்டிச் சாகசத்தை மட்டும் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் எப்போது ஒழியும்?

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் ஜிம்மை அவருடைய மகளோடு சேர்த்துவிடுங்கள். சில பக்கங்கள் கூடும். விலையை ஏற்றிக்கொள்ளுங்கள், வாங்குகிறோம்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்