முழங்கால் பேக்கேஜைப் பிரித்துக் காட்டுங்கள்

தமிழகத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் எலும்பு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். அம்மாவுக்கு வயது 66. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். போன மாதம் மூன்று மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போனேன். மூன்றிலும் "முழு மூட்டையும் மாத்திடலாம்" என்றார்கள். ஒரே வரியில் ஒரு தொகையையும் சொன்னார்கள். குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே ஒன்றேகால் லட்சம் வித்தியாசம். ஏன் என்று கேட்டால், "அது பேக்கேஜ் சார்!"

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது, ஜிஎஸ்டி தனி. சரி, மூட்டின் விலைக்குக் கடிவாளம் போட்டாயிற்று. மிச்சப் பணம் அறைக்கா, ஆபரேஷன் தியேட்டருக்கா, மருத்துவர் கட்டணத்துக்கா, அறுவைக்கு உதவும் ரோபோவுக்கா? அதைத்தான் பிரித்து எழுதித் தரச் சொல்கிறேன். ரோபோவுக்குக் கூடுதலாக வாங்கினால், அதனால் அம்மாவுக்கு என்ன கூடுதல் பலன் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு மூட்டின் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, தசைநார்கள் நன்றாக இருக்கின்றன என்று மூன்றாவது டாக்டரே சொன்னார். தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று சரிப்படாதா என்று இழுத்தேன். "இங்க அது பண்றதில்லை" என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் நான் கேட்காவிட்டால் அதுவும் வந்திருக்காது. பிரிட்டனில் 528 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்த டாப்கேட் ஆய்வு 2019இல் வெளிவந்தது. முழு மாற்று, பாதி மாற்று இரண்டிலும் நிவாரணம் ஏறக்குறைய ஒன்றே, பாதி மாற்றுக்குச் செலவு குறைவு என்றது. மறுபக்கமும் உண்டு: 25 ஆண்டு தாங்குவது முழு மாற்றில் நூற்றுக்குச் சுமார் 82, பாதி மாற்றில் 70. ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிய கணக்கு. அம்மாவுக்கு அவ்வளவு இல்லை.

கத்தியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2015இல் டென்மார்க்கில் நூறு பேரிடம் நடத்திய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை என்று போனவர்களில் கால்வாசிப் பேர்தான் ஓராண்டுக்குள் அறுவைக்கு வந்தார்கள். நான் பார்த்த மூன்று மருத்துவமனைகளில் ஒருவரும் பிசியோதெரபி என்ற சொல்லை அறுவைக்கு முன்னால் உச்சரிக்கவில்லை.

இப்போது அம்மா தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறார், முனகிக்கொண்டேதான். மூன்று மாதம் பார்ப்போம். வலி அடங்காவிட்டால் திரும்ப வருவோம். அப்போது எந்த மூட்டு, ஏன் அது, எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தருபவரிடம்தான் அட்மிஷன் போடுவேன்.

இப்படிக்கு,
ஒரு மகன்