அணை நீர்மட்டத்துக்குக் கீழே ரெண்டு வரி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது தலைப்புச் செய்தியை இல்லை. பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்று தினமும் ஒரு பெட்டி போடுகிறீர்களே, அதைத்தான். எனக்கு வயல் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு சோழவந்தான் பக்கம் கொஞ்சம் இருந்தது, வயல் போய்விட்டது, அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் போகவில்லை. வைகையில் 71 அடிக்கு எவ்வளவு வந்திருக்கிறது, பெரியாறு இந்த வருஷம் 142-ஐத் தொடுமா என்று பார்த்த பிறகுதான் காபி. இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியைப் பற்றியதுதான், ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அங்கே வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தறிக்கும் நூற்பாலைக்கும் உதிரி பாகம் விற்கிற வேலை எனக்கு. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் வெளியூர்தான். திருப்பூர், ஈரோடு, சில மாதம் அப்படியே மேலே இச்சல்கரஞ்சி, சூரத். "ஊர் ஊராச் சுத்துறவருக்கு லீவுல வேற ஊர் சுத்தணுமா மாமா?" என்று என் மச்சினன் கிண்டல் பண்ணுவான். நான் பார்ப்பது ஊரா? பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ், மில் கேட், வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்து, மறுபடி லாட்ஜ். பகலெல்லாம் தறிச் சத்தம், ராத்திரி லாட்ஜில் பக்கத்து ரூம் டிவி. விடிகாலை மதுரை ஜங்ஷனில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது உடம்பு கேட்பது ஒன்றே ஒன்றுதான், எங்கேயாவது பச்சையாக ஒரு இடத்தில் யாரும் கூப்பிடாமல் அரை நாள் உட்கார வேண்டும். அரை நாள் என்று அளந்துதான் சொல்கிறேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் அனுப்பியாக வேண்டும், ஊரில் இருக்கிற அந்த ஒன்றரை நாளில்தான் கேஸ் புக் பண்ணுவது முதல் மாமியார் வீட்டு விசேஷம் வரை எல்லாம்.

மதுரைக்காரனிடம் பச்சை என்று சொன்னால் அவன் வாயில் வருவது கொடைக்கானல்தான். நானும் ஏமாந்தவன்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், எட்டு நாள் டூர் முடிந்து வந்த மறுநாளே, ஓய்வு எடுக்காமல், வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். 120 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரம் என்று கணக்கு. வத்தலக்குண்டு வரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. மலை ஏறி வெள்ளி அருவிக்கு முன்னால் வண்டிகள் நின்றன பாருங்கள், அருவியை விட முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்தோம். பையன் வேனில் எழுதியிருந்த அத்தனையையும் மனப்பாடம் பண்ணிவிட்டான். மேலே போனால் போனில் பேசி முன்பணம் கட்டிய ரூமை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், பணம் வந்தபாடில்லை. அந்த விடுதி பெயரை எழுதி உங்களுக்கு வம்பு வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து கோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்துவிட்டது, அதற்கு அடுத்த வருஷம் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று, வார நாளில் 4,000, சனி ஞாயிறு 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். வைத்தது சரி என்றுதான் நான் சொல்வேன், அந்த மலை எவ்வளவைத் தாங்கும்? ஆனால் அந்த ஆறாயிரத்தில் ஒன்றாக நான் ஏன் போக வேண்டும் என்பதுதான் இப்போது என் கேள்வி. கொடைக்கானல் நாலு நாள் லீவு இருக்கிறவர்களுக்கு. அலுத்து வந்தவனுக்கு அது இன்னொரு டூர்.

சரி, பக்கத்திலேயே போவோம் என்று அதற்கு அடுத்த தடவை குட்லாடம்பட்டி அருவிக்குப் போனோம். வாடிப்பட்டியிலிருந்து உள்ளே, சிறுமலையின் தென்புற அடிவாரம், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, துண்டு, எலுமிச்சைச் சாதம், எல்லாம் மூட்டை கட்டி, மரத்தடிப் பாதையில் வேர்க்க வேர்க்க ஏறிப் போய்ப் பார்த்தால் காய்ந்த பாறை. தண்ணீர் ஓடிய தடம் மட்டும் கறுப்பாக இருந்தது, அதன் நடுவில் ஒரு ஓணான். அது மழையை நம்பி விழுகிற அருவி, ஐப்பசி கார்த்திகையில் வானம் கொடுத்தால் தை வரைக்கும் விழும், இல்லாவிட்டால் இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் விழுகிறதா இல்லையா என்று எங்கே போய்க் கேட்பது? போனில் தேடினால் மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த வீடியோவில் அருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அதை நம்பித்தான் துண்டு எடுத்துப் போனோம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்கிறேன். போன மார்கழியில் ஒரு ஞாயிறு, நானும் பையனும் மட்டும், விடிகாலை அஞ்சரைக்கு பைக்கில் கிளம்பினோம். ஒத்தக்கடையில் டீ. ஆனைமலை இருட்டில் நிஜ யானை மாதிரியே படுத்துக்கிடந்தது. அங்கிருந்து மேலூர் ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி, மதுரையிலிருந்து மொத்தமே 25 கிலோமீட்டர் சுமார். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம், அந்த ஊர்தான். ஏழு மலை, சுனைகள், கண்மாய்கள், 250 வகைப் பறவை என்று அறிவிப்பில் இருக்கும். எங்களுக்கு 250 எல்லாம் தெரியவில்லை. ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து நாமக்கோழி, கொக்கு, மீன்கொத்தி என்று பையன் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினான். லகர் வல்லூறு இருக்கிற இடம் என்கிறார்கள், உயரத்தில் ஒன்று வட்டமடித்தது, அதுவா இல்லை சாதாரணப் பருந்தா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம் கழிஞ்சமலைப் பக்கம் ஏறினோம். ராத்திரிப் பனியில் பாறை சில்லென்று இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றபோது அந்தக் குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது, எட்டு நாளாக ஷூவுக்குள் கிடந்த கால் அது. பாறையில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம், அதில் மழைத் தண்ணீர், தண்ணீர் மேல் ரெண்டு பூச்சி வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. பையன் அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் மணி நேரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை, போனும் அடிக்கவில்லை. மேலே குகைத்தளத்தில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து, சமணர் படுக்கை, இந்தப் பக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரை, எல்லாம் இருக்கிறது. அதை ஆசிரியர்கள் எழுதட்டும், நான் உட்கார வந்தவன்.

ஆடு ஓட்டிக்கொண்டு வயதான ஒரு ஆத்தா வந்தார். பையன் போனைத் தூக்கி மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "எங்குட்டுப்பா வந்தீக? கல்லுப் பாக்க வந்த ஆளுகளா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள் என்ற செய்தி 2024 கடைசியில் வந்ததிலிருந்து 2025 ஜனவரியில் ரத்து பண்ணும் வரை அந்தச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தெருவில் நின்றதே, உங்கள் பேப்பரிலேயே தினமும் படித்தோமே. புது ஆள் போனைத் தூக்கினால் அவர்களுக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "இல்லாத்தா, சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றேன். "சும்மா உக்கார மதுரையில எடமா இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல், எந்தச் சுனையில் இப்போது தண்ணீர் கிடக்கிறது, எந்தப் பக்கம் பாசி பிடித்து வழுக்கும், வெயில் ஏறினால் தேனீ கிளம்புகிற இடம் எது என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அரை நிமிஷம்தான் பேசியிருப்பார். எங்கள் காலை நன்றாகப் போனதற்குக் காரணம் அந்த அரை நிமிஷம்தான். பத்து மணிக்கு வீட்டில் இட்லி சாப்பிட்டோம்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். அந்த ஆத்தா சொன்ன மாதிரி விஷயம் உங்கள் நிருபர்கள் எல்லாருக்கும் தெரியும் ஐயா. வாடிப்பட்டி நிருபருக்குக் குட்லாடம்பட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும். பெரியகுளத்துக்காரருக்கு வனத்துறை கும்பக்கரை அருவியில் குளிக்க இன்று தடை போட்டிருக்கிறதா என்று தெரியும், கொடைக்கானல் மலையில் ராத்திரி மழை பெய்தால் காலையில் அங்கே வெள்ளம், நம்மூரில் வெயிலடிக்கும், யாருக்குத் தெரியும்? அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு மேலே வண்டி விடுகிறார்களா, சிறுமலையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் சும்மா இருக்கிறதா இல்லை மண் சரிந்து கிடக்கிறதா, இதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் போட்டால் கிடைக்கிற தகவல். ஆனால் பேப்பரில் வருவது என்ன? கும்பக்கரையில் தடை என்று போடுகிறீர்கள், தடை நீங்கியது என்று போட மறந்துவிடுகிறீர்கள். மே மாதம் வந்தால் "குளுகுளு" என்று ஆரம்பித்து அரைப் பக்கம், அதே ஏரி, அதே படகு. சனிக்கிழமை பேப்பரில் அணை நீர்மட்டத்துக்குக் கீழே ரெண்டே வரி போதும்: "குட்லாடம்பட்டி: லேசாக விழுகிறது. கும்பக்கரை: குளிக்கத் தடை. சிறுமலை: பனிமூட்டம், மெதுவாகப் போகவும். நூபுர கங்கை: பாதை திறந்திருக்கிறது." பங்குனி, சித்திரையில் "எங்கும் தண்ணீர் இல்லை" என்று போட்டாலும் சந்தோஷம்தான், துண்டை மடித்து வைத்துவிட்டு வீட்டிலேயே தூங்குவோம். அப்படியே சிறுமலை வாழைப்பழம் வந்திருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை சேர்த்தால் என் வீட்டில் உங்களைக் கும்பிடுவார்கள். அந்தப் பழத்துக்கு ஈடு கிடையாது, நோய் வந்து தோட்டங்கள் அழிந்த பிறகு அது கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது.

ஒன்று மட்டும், அரிட்டாபட்டியை அந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டாம். கேட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, சனிக்கிழமை ஐம்பது பேர் ஸ்பீக்கரோடு வந்து இறங்கினால் தடுக்க அந்த ஆத்தாவையும் ஆட்டையும் தவிர ஆள் இல்லை. நானே இத்தனை வரி எழுதிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் அந்தப் பத்தியை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ஈரோட்டிலிருந்து கிளம்புகிறேன், சனி முழுக்கத் தூக்கம். ஞாயிறு காலை குட்லாடம்பட்டிக்குத் துண்டு எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று உங்கள் வாடிப்பட்டி நிருபரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆனையூர், மதுரை.