டைட்டிலில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு படத்தின் சாயல் இன்னொன்றில் தெரிந்தால் போதும், 'காப்பி' என்று ஒரு கூட்டமும் 'மரியாதை' என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடுகிறது. எனக்கு அப்போதெல்லாம் ஒரு பழைய வழக்குதான் நினைவுக்கு வரும்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வந்தது. ஊரில் இரண்டு கும்பல். வழிப்போக்கனாக வரும் சாமுராய் இரு பக்கமும் விலைபோவதுபோல் நடித்து இரண்டையும் மோதவிடுகிறான். 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி அதே கதையில் வாளைப் பிடுங்கிவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார். 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' தயார். உரிமையும் வாங்கவில்லை, பெயரும் போடவில்லை. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது என் படம் என்று குரோசாவா கடிதமே எழுதினார். கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள். வசூலில் 15 சதவீதம் ஜப்பான் தரப்புக்குப் போனது. இத்தனைக்கும் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' கதையை ஹாலிவுட் முறையாக உரிமை வாங்கி 1960இலேயே எடுத்திருந்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

1987இல் ஹாலிவுட் இயக்குநர் பிரையன் டி பால்மா, 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் ரயில் நிலையப் படிக்கட்டில் குழந்தை வண்டியை உருளவிட்டார். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 1925ஆம் ஆண்டுப் படமான 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' பார்த்தவர்களுக்கு, அதில் படிக்கட்டில் உருளும் குழந்தை வண்டிதான் இது என்று சட்டென்று புரிந்துவிடும். மறைக்கும் முயற்சியே இல்லை. எடுத்ததும் ஒரு காட்சிதான், முழுக் கதையல்ல.

லியோனி மேல் எனக்குப் பிரியம் அதிகம். அந்த நெருக்கமான முகங்களும் இசையமைப்பாளர் மோரிகோனியின் விசிலும் யோஜிம்போவில் கிடையாது, சரி. ஆனாலும் டைட்டிலில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

- ஒரு வாசகர், மதுரை